காது டெஸ்டுக்கு நான் சொல்லிக் கொடுத்த தாளம்

ஓசூரில் பேண்ட் சேர்க்கிறவன் முதலில் கேட்கிற கேள்வி, "உனக்கு எந்த ஷிஃப்ட்?" என்பதுதான். பிடித்த பாட்டு, கைத்திறமை எல்லாம் அப்புறம். நான் காலை ஷிஃப்டில் இருக்கும்போது ஒருத்தன் மதிய ஷிஃப்டில் இருப்பான். அவன் காலைக்கு வரும்போது என்னை ராத்திரிக்குத் தள்ளியிருப்பார்கள். இப்படி நாலு பேரைப் பிடித்தேன், நாலு பேரும் நழுவிப் போனார்கள். ஒரு கீபோர்டுக்காரன் மூன்று மாதம் போனிலேயே என் பேண்டில் இருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

நான் வாசிப்பது பேஸ் கிட்டார். நாலு தடிக் கம்பி, அடிமட்டச் சத்தம். அதைத் தனியாக உட்கார்ந்து வாசிப்பது உப்பை மட்டும் அள்ளித் தின்கிற மாதிரி. டிரம்ஸ்காரன் ஒருத்தன் கூட இருந்தால்தான் அதற்கு உயிர். ஆள் கிடைக்காத எரிச்சலில் நான் பெடலாக வாங்கித் தள்ளினேன். பெடல் என்பது தரையில் வைத்துக் காலால் அமுக்குகிற சின்ன இரும்புப் பெட்டி. ஒன்று சத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் மட்டமாக்கும். ஒன்று கரகரப்பைக் கூட்டும். நீல நிறத்தில் ஒன்று, நான் வாசிக்கிற சுரத்துக்கும் கீழே இன்னொரு சுரத்தைச் சேர்த்து நெஞ்சுக்குள் இறக்கும். "கூட வாசிக்க ஒரு ஆளில்ல, மிதிக்க மட்டும் ஆறு பொட்டி" என்றாள் என் மனைவி. மாடியில் இருந்த தெலுங்குக்கார ஓனரம்மா, "ஏம்ப்பா, உள்ள மோட்டார் எதாச்சும் ஓடுதா, என் பாத்திரமெல்லாம் ஆடுது" என்று இறங்கி வந்து கேட்டார். வாழ்க்கையில் என் வாசிப்பைப் பற்றி வந்த முதல் விமர்சனம் அது.

கிட்டாருக்கு ஒருவழியாக பாய் கிடைத்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்தவர், ஷிஃப்ட் தொல்லை இல்லாத மனுஷன். தொழிற்பேட்டையில் அவருடைய மச்சானின் லேத் ஷெட் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் சும்மா கிடந்தது. அதைப் பிராக்டிஸுக்குத் தந்தார். டிரம்ஸ் செட் ஒன்றை நானே பழசாக வாங்கி அங்கே போட்டேன். வாசிக்கத்தான் ஆளில்லை.

அப்புறம்தான் இவன் வந்தான். எங்கள் கம்பெனி கேன்டீனில், சாப்பிட்ட தட்டைக் கவிழ்த்து வைத்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை மயிரிழை பிசகவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். ஊர்ப் பக்கம் கல்யாண பேண்ட் செட்டில் டிரம் அடித்தவன். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. எந்த ஷிஃப்ட் என்று கேட்டேன். என்னுடைய ஷிஃப்டேதான். அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது, அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மாதம் நன்றாகப் போனது. ஒரு ரிசப்ஷனில் வாசித்தோம், ஆயுதபூஜைக்கு இரண்டு கம்பெனியில் வாசித்தோம். அவன் என்னைக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அண்ணா, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. அந்த நீலப் பொட்டிய அமுக்குங்க." என் பேஸை இப்படி ஆசைப்பட்டுக் கேட்டவன் யாருமில்லை. தலைகால் புரியாமல், இருந்த சின்ன ஆம்ப்பை, அதாவது சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டியை, விற்றுவிட்டு ஆள் உயரத்துக்கு ஒன்றைப் பெங்களூரிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதை அவன் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே, ஒரே மரப் பலகையின் மேல் வைக்கச் சொன்னான். வைத்தேன். பாய்க்குத்தான் பிடிக்கவில்லை. "இவன் சிம்பல் தட்ட அடிக்கிற அடியில என் காது கிழியுது, அவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையா?" என்றார். பாய்க்குப் பொறாமை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பாட்டை நிறுத்திவிட்டு நான் குனிந்து பெடல் வயரை மாற்றிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் வேறு சத்தமே இல்லை. அவன் காலடியில் கிடந்த அவனுடைய போன் அடித்தது. கீச்சென்று குருவி கத்துகிற மாதிரி ஒரு ரிங்டோன். முழுதாக அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது, மூன்றாம் தடவையும் அடித்தது. அவன் டிரம் குச்சியின் சிலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாய் என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன்.

டீக்கடையில் அவனிடம் கேட்டேன். மறைக்காமல் சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாகக் காதுக்குள் விசில் சத்தம். மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, பெண் குழந்தை பேசினால் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறான். பிரஸ் ஷாப்பில் காதுக்கு ப்ளக் தருகிறார்கள். ஆனால் யாரும் முழுசாக வைப்பதில்லை. டை, அதாவது தகட்டை அடிக்கிற இரும்பு அச்சு, உடையப் போகிறது என்றால் அடிக்கிற சத்தம் மாறும், அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் டை உடைந்தால் மெமோ. அதனால் ஒரு காதைத் திறந்துவைத்து வேலை செய்வார்கள், அது வலித்தால் அடுத்த காது. "இப்பத்திக்கு எனக்கு நல்லாக் கேக்குறது உங்க பேஸ் மட்டும்தாண்ணா" என்றான். என்னமோ என்னைப் பெருமைப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

சிக்கல் அதுவல்ல. கான்ட்ராக்டில் இருந்த ஏழு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதில் அவன் பெயரும் இருந்தது. அதற்கு முன்னால் மெடிக்கல். காது டெஸ்ட் வேன் அடுத்த வாரம் வருகிறது. தேறாவிட்டால் பெர்மனென்ட் கிடையாது, கான்ட்ராக்டும் முடிந்தது. மறுபடி அஞ்செட்டிக்குப் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான் என்றான்.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். "டேய், வேலை கிடக்கட்டும், முதல்ல டாக்டரப் பாரு, காது போனதுக்குக் கம்பெனிதான் பதில் சொல்லணும், யூனியன்காரங்களப் போய்ப் பாப்போம்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு விவரம் தெரியாமல் இல்லை, பன்னிரண்டு வருஷம் அதே கம்பெனியில் கொட்டை போட்டவன். சொல்லவில்லை. அவன் ஊருக்குப் போய்விட்டால் எனக்கு டிரம்ஸ்காரன் இல்லை. என் மனசில் முதலில் ஓடியது அதுதான். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

வேன் வந்ததும் வருஷாந்திர மெடிக்கலுக்கு எங்கள் பிரிவு முதல் நாளே போனது, அவனுக்கு மறுநாள். வேனுக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கிறவர் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பார்த்துச் சலித்துப் போயிருந்தார். சலித்துப்போன கைக்குத் தானாகவே ஒரு தாளம் வந்துவிடும், வாசிக்கிற எவனுக்கும் அது தெரியும். ஒரு சத்தம், மூன்று எண்ணிக்கை சும்மா, அடுத்த சத்தம். ஐந்து சத்தத்துக்கு ஒருமுறை பேனாவால் குறித்துக்கொள்ள ஏழு எண்ணிக்கை. ஆரம்பம் அடிமட்டச் சத்தம், போகப் போகக் கீச்சு. நான் பட்டனை அமுக்கிக்கொண்டே காலால் எண்ணினேன். வெளியே வந்ததும் அட்டெண்டன்ஸ் சீட்டின் பின்னால் மொத்தத்தையும் எழுதிவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கெலவரப்பள்ளி அணைக்கட்டு மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் இரண்டு சத்தம் தாழ்ந்த சத்தம், அது உனக்குக் கேட்கும், அங்கே பிடித்துக்கொள், அப்புறம் எண்ணிக்கிட்டே போ என்றேன். எல்லாவற்றுக்கும் அமுக்கினால் சந்தேகம் வரும், ஆக மெல்லிசாகப் போகிற கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிடு என்றும் சொன்னேன். நான் அவன் தொடையில் தட்டினேன், அவன் கட்டை விரலை அமுக்கினான். நாலாவது தடவைக்கு மேல் நான் தட்டவே வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள். அந்தச் சமயத்தில் எனக்கு அவனைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது.

தேறிவிட்டான். இரண்டு காதும் நார்மல் என்று சீல் குத்திக் கொடுத்துவிட்டார்கள். பெர்மனென்ட் ஆர்டரும் வந்தது. அவன் மனைவி மைசூர்பாகோடு எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா இல்லேன்னா எங்களுக்கு ஏது இது" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. ஏதோ சிபாரிசு செய்தேன் என்று நினைத்திருந்தாள்.

பெர்மனென்ட் ஆனவன் அதே பிரஸ் ஷாப்பில், அதே மெஷினில் நின்றான். காது நார்மல் என்று எழுதிக் கொடுத்தவனை எதற்காக இடம் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆம்ப்பை இன்னும் ஏற்றினேன். பாய், "இது பாவம்ப்பா, என்னால பாத்துக்கிட்டு வாசிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசித்தோம். இரண்டு வருஷம். கடைசியில் அவனுக்கு என் பேஸும் கேட்காமல் போனது. பலகையின் அதிர்வைப் பாதத்தில் வாங்கி அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் நாலு தடவை நிறுத்து என்று கத்தியும் அவன் மெஷினை நிறுத்தவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது, காது மெஷின் வைத்தாலும் பெரிசாகப் பிரயோஜனம் இல்லை என்றார்கள்.

நஷ்ட ஈட்டுக்கு எழுதிப் போட்டான். எச்.ஆர். மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அந்த நார்மல் ரிப்போர்ட் இருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். "அஞ்சு வருஷம் பிரஸ் ஷாப்ல நின்னப்புறமும் காது நார்மல்னு வந்திருக்கு. அதே மெஷின், அதே சத்தம். ரெண்டே வருஷத்துல எப்படிப் போகும்? இதுக்கு நடுவுல புதுசா வந்தது உங்க பேண்ட் மட்டும்தான். உங்க ஆம்ப் எத்தன வாட்ஸ்?" கேழ்வரகில் நெய் வடிகிறது என்று அவர் சொல்ல, நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த நெய்யை ஊற்றி வைத்தவனே நான்தான். வாட்ஸைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் ரிப்போர்ட் பொய். ரிப்போர்ட் பொய் என்றால் பெர்மனென்ட் வாங்கியதே மோசடி, அவனும் வெளியே, நானும் வெளியே. அவனிடம் போனில் டைப் செய்து காட்டினேன், இப்போது நாங்கள் பேசுவது அப்படித்தான். "போய் உண்மையச் சொல்லிடறேன். வந்தது வரட்டும்" என்று அடித்தேன். போனை வாங்கி அவனும் டைப் செய்தான். "வேண்டாண்ணா. பேண்டாலதான்னு நீங்க எழுதிக் குடுத்தா கார்டன் வேலைல வெச்சுக்கறேன்னு சொல்றாங்க. பாப்பா ஸ்கூல் இருக்கு. வீட்ல சொல்லாதீங்க. என் மச்சானுக்குத் தெரிஞ்சா கேட்ல போய்ச் சண்டை போடுவான், இதுவும் போயிடும்."

எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னுடைய சக்தி வாய்ந்த ஆம்ப்ளிஃபையருக்கு மிக அருகில் அமர்ந்து வாசித்ததால் இவருக்குச் செவித்திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நஷ்ட ஈடு தள்ளுபடி ஆனது. அவன் கம்பெனி வாசலில் செடிக்குத் தண்ணீர் விடுகிறான். நான் எழுதியது பச்சைப் பொய் என்று அடித்துச் சொல்லக்கூட என்னால் முடியவில்லை. அவன் ஏத்துங்க என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் ஏற்றியது இந்தக் கைதான். ஒரு தடவைகூட இறக்கவில்லை.

போன ஞாயிறு சந்தையில் மூன்று பேரையும் பார்த்தேன். தளி ஊர்ப் பக்கத்து முட்டைக்கோஸைக் குவித்து வைத்திருந்த கடைக்கு முன்னால், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவன் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா. அந்த லெட்டர நானும் படிச்சேன். ஒரே ரூமு, ஒரே பொட்டி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் நின்னீங்க. உங்களுக்கு மட்டும் எப்புடிண்ணா காது நல்லாக் கேக்குது?"

நான் குவியலிலிருந்து ஒரு முட்டைக்கோஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான்.

"சாப்பிடக் கூப்புடறா போல. வாங்கண்ணா, இன்னைக்குக் கறி எடுத்திருக்கோம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் புரிய வேண்டுமே என்று, சரி வருகிறேன் என்று நான் தலையை ஆட்டினேன்.