பாத்திரம் அவளிடம் வந்தபோது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து வந்தவள் ஞானப்பூ. தாய் இறந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. தம்பி ராஜரத்தினத்துக்கு மூன்று. இடுப்பில் சுமந்தே அவனை ஆளாக்கினாள். அவன் லாரி ஓட்டப் போனான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றினால் பம்பாய் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

தொண்ணூற்று நாலில் மெலிந்து, இருமிக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்தான். மதுரையில் ரத்தம் பார்த்ததில் எய்ட்ஸ் என்று தெரிந்தது. அதை அவளிடம் மட்டும்தான் சொன்னான். அவள் தாங்கமாட்டாமல் புருஷனிடம் சொல்ல, ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அவனுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்தாள்.

அந்த மாதம் முதல் ஞாயிறு. சர்ச்சில் திருவிருந்துக்கு அக்காளும் தம்பியும் பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். எல்லாரும் குடிக்கும் ஒரே பாத்திரத்தில் ராஜரத்தினம் திராட்சரசத்தைக் குடித்தான். சபையின் போதகரான ஐயர் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு ஞானப்பூவிடம் நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு அடுத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராஜரத்தினம் தலை நிமிரவே இல்லை.

மறுநாளே ராஜபாளையத்தில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை பிடித்துப் போய்விட்டான். ஞானப்பூ பஸ்ஸ்டாண்டு வரை இரண்டு முறை போய், ஏற மனமில்லாமல் திரும்பினாள். எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஐந்து மாதம் கழித்து ஐயர் வீட்டுக்கு வந்தார். "தம்பி திருவிருந்து கேட்டு ஆள் விட்டிருக்கான். ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னான்."

லாரி ஷெட் அறையில் ராஜரத்தினம் பாயில் எலும்பாகக் கிடந்தான். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஐயர் ஜெபித்து, அப்பத்தைப் பிட்டு இருவருக்கும் கொடுத்தார். பிறகு பாத்திரத்தை அவன் வாயருகே கொண்டுபோனார். அவன் தலையை அசைத்தான்.

"அக்கா மொதல்ல குடிக்கட்டும். பொறவு நான் குடிக்கேன். அவளுக்குப் பயமிருக்காதுல்லா."

"இல்லலே ராசு. நீ குடி. நீ குடிச்ச பொறவுதான் நான் குடிப்பேன்."

"எனக்காவக் குடி அக்கா."

ஞானப்பூ ஐயரைப் பார்த்தாள். "நான் எப்படிங்கய்யா மொதல்ல குடிப்பேன்? அன்னைக்கு நான் செஞ்சதுக்கு?"

"அவன் கொடுக்கத வாங்கிக்கோம்மா," என்றார் ஐயர். "நாமெல்லாம் தகுதி இருந்தா இதை வாங்குதோம்?"

குடித்தாள். அவனும் ஒரு வாய் குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை இறந்தான்.

இப்படியொரு நோயோடு வந்தவனை மன்னித்து அனுப்ப வேண்டியவள் அக்காள்தான் என்று ஊர் பேசியபோது அவளும் நம்பியிருந்தாள். மன்னிப்பு அவனிடமிருந்தல்லவா வந்தது.

இப்போதெல்லாம் திருவிருந்தில் ஞானப்பூ வரிசையின் கடைசியில் போய் முழங்காலிடுகிறாள். எல்லாரும் குடித்த பாத்திரம் அவளிடம் வருகிறது. குடித்துவிட்டு எழுந்திருக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஐயர் காத்திருக்கிறார்.