கெண்டைத் தலை யாருக்கு

என் கணவர் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தலை பெரியவருக்குப் போகாது, விருந்தாளிக்கும் போகாது. அதை ஏரியில் பிடித்தவர் யாரோ அவர் தட்டுக்குத்தான் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு, நல்ல வழக்கமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். எனக்குத் தூண்டில் புதிதல்ல. தொண்டூரில் அண்ணன்களோடு குட்டைக் கரையில் வளர்ந்தவள் நான். செஞ்சிக்கு வந்து தையல் கடை வைத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கணவரோடும் கொழுந்தனோடும் வண்டியேறிப் பனமலை ஏரிக்குப் போய்விடுவேன். ஏரியைக் குத்தகை எடுத்தவர் கணவருடைய கூட்டாளி. வலை போடாத வரைக்கும் எங்களை ஒன்றும் சொல்லமாட்டார்.

அன்று கணவர் டீ வாங்கி வரப் போயிருந்தார். என் தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. கம்பு வளைந்த வளைப்பிலேயே பெரிய உருப்படி என்று தெரிந்துவிட்டது. ஓடவிட்டேன், இழுத்தேன், மறுபடி ஓடவிட்டேன். கை இரண்டும் மரத்துப் போன நேரத்தில் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். மீசை வைத்த கெண்டை. களைத்துப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதுவரை நிழலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் அப்போதுதான் ஓடிவந்தான். "வுடு அண்ணி, தூண்டி நரம்பு அந்துடும்" என்று என் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினான். பிடுங்கி, செத்த பாம்பை அடிக்கிற மாதிரி அந்த மீனைக் கரையில் இழுத்துப் போட்டான். போட்ட கையோடு அதைத் தூக்கிப் பிடித்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் அவன் மீனோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டில் அத்தை தலையை அவன் தட்டில் வைத்தார். நான் பிடித்த மீன் என்று சொன்னேன். கேட்காமல் போய்விட்டதோ என்று இரண்டாம் தரமும் சொன்னேன். அத்தை கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, "மாட்டினா மட்டும் ஆச்சா? இழுத்துப் போட்டது அவன்தான?" என்றார். கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கொழுந்தன் தலையைப் பிளந்து, கண்ணை உறிஞ்சி, செவுளை நக்கி, விரல் ஐந்தையும் சூப்பினான். ஒரு மீன் தலைக்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்கள், தான் சமைத்த குழம்பை அடுத்தவள் சமைத்ததாகச் சொல்லிப் பரிமாறுவதை ஒரு தடவை பார்க்கட்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அதே சட்டியில் அதைவிடப் பெரிய தலை வேக வேண்டும். அது என் தட்டில் விழ வேண்டும். விழச் சொல்வது அவன் வாயாக இருக்க வேண்டும்.

சொல்லிவிடலாம், மீன் மாட்ட வேண்டுமே. அந்த வருஷம் ஏரி முழுக்க ஜிலேபி மீன் குஞ்சு. மைதா மாவை எவ்வளவு கெட்டியாகப் பிசைந்து போட்டாலும் பெரிய மீன் வருவதற்குள் கொத்திக் கொத்திக் கரைத்துவிடும். ஞாயிறு ஞாயிறாக வெறும் தூண்டில் முள்ளைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே போனில் மீன்பிடி வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு, நம் கெண்டை மாதிரியே மீசை வைத்த மீன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கினார். அவர் மாவே வைக்கவில்லை. மீன் பண்ணைகளில் போடுகிறார்களே, அந்தக் கெட்டித் தீவன உருண்டை. அதையும் முள்ளில் குத்தவில்லை. முள்ளின் வளைவுக்குக் கீழே மயிர் மாதிரி ஒரு நூல் விட்டு, அதில் தொங்கவிட்டிருந்தார். முள் அம்மணமாக இருந்தது.

நம் ஊரில் முள்முனை தெரிந்தால் தூண்டில் போடவே தெரியாதவன் என்று அர்த்தம். மாவுக்குள் முள்ளைப் புதைப்பதுதான் நாங்கள் சின்ன வயதில் படித்த முதல் பாடம். அதனால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கெண்டை கடிக்கிற சாதி இல்லை, உறிஞ்சுகிற சாதி. உருண்டையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே வாய்க்குள் போகும். கெட்டியாக இருக்கிறதே என்று துப்பப் பார்க்கும்போது, முனை திறந்திருப்பதால் உதட்டில் ஏறிவிடும். புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலும் ஊசியும் என் பிழைப்பல்லவா.

தீவனக் கடையில் பெரிய உருண்டையாகப் பார்த்து வாங்கினேன். அதில் ஊசியைக் குத்தினால் இரண்டாக உடைந்தது. பக்கத்துக் கடை ஆசாரியிடம் கையால் திருகித் துளைக்கும் சின்னத் துளையூசியை இரவல் கேட்டேன். எதற்கு என்றார், பாசிமணி கோக்க என்றேன். உருண்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அவசரப்படாமல் திருகினால் மாவு உதிர்ந்து மறுபக்கம் ஓட்டை விழும். அதன் வழியாக லேஸ் பின்னுகிற கொக்கி ஊசியை விட்டு, நூலின் முடிச்சு வளையத்தை இந்தப் பக்கம் இழுத்து, அது நழுவாமலிருக்கத் துடைப்பக் குச்சியின் நுனியைக் கிள்ளிக் குறுக்கே செருகிவிடுவேன். மிச்ச நூலை முள்ளின் காம்பில் நெருக்கமாகச் சுற்றி இறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொழுந்தன் விரல் சூப்பியது ஞாபகத்துக்கு வரும். சுற்று தானாக இறுகும்.

அடுத்த ஞாயிறு கரையில் என் தூண்டிலைப் பார்த்துவிட்டுக் கொழுந்தன், "முள்ளு பல்லக் காட்டுதே அண்ணி, மீனு இன்னா குருடா?" என்றான். நான் தூண்டிலை வீசினேன். ஜிலேபிக் குஞ்சுகள் உருண்டையை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப் போயின. வெயில் ஏறியது. அவன் மாவை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அப்போது என் கம்பு தாங்கியிலிருந்து எகிறியது. பிடித்துவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே இது பழையதைவிடப் பெரியது என்று தெரிந்தது. கரைக்கு வந்து சாய்ந்ததும், சொல்லி வைத்த மாதிரி அவன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். என் இடுப்பில் தையல் கத்திரி இருந்தது. அதை எடுத்து நரம்பில் வைத்தேன்.

"தொட்டேன்னு வெச்சிக்க, நரம்ப வெட்டி வுட்டுடுவேன். ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அவன் நின்றுவிட்டான். கணவர் கைவலையை மீனுக்கு அடியில் கொடுத்தார். அந்த அளவுக்காவது அவருக்குப் புத்தி வந்ததே.

மதியம் அத்தை பழக்க தோஷத்தில் தலையை அள்ளிக்கொண்டு கொழுந்தன் பக்கம்தான் திரும்பினார். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணிக்குப் போடும்மா. அண்ணிதான் புடிச்சுது" என்றான். தலை என் தட்டுக்கு வந்தது. நான் அவசரப்படவில்லை. அவன் எழுந்து போகாதபடி சோறு கேட்டு, குழம்பு கேட்டு, செவுள் எலும்பு வரைக்கும் சூப்பி முடித்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

இதோடு விட்டிருப்பேனா தெரியாது. கை கழுவுகிற இடத்தில் அவனே வந்து குழைந்தான். அந்தக் கட்டு எப்படி என்று கேட்டான். வீடியோவைத் தேடிப் பார்க்கிற பொறுமை அவனுக்கு ஏது, நோகாமல் நொங்கு தின்கிற ஆள். துளை போடுவது, குச்சி செருகுவது, சுற்றுவது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் கேட்டான்: "நூலு எவ்ளோ வுடணும் அண்ணி?"

முள்ளுக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு நெல் நுழைகிற இடம் போதும். அதற்கு மேல் விட்டால் மீன் உருண்டையை மட்டும் நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும், முள் உதட்டைத் தொடவே தொடாது. நான் கையை நீட்டி நான்கு விரலைக் காட்டினேன்.

வருஷம் திரும்பிவிட்டது. இன்றுவரை கொழுந்தன் ஏரிக் கெண்டைக்கெல்லாம் சொந்தச் செலவில் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறான். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன், சாமியாரிடம் வேறு என்னென்னவோ சொன்னேன், இதைச் சொல்லவில்லை. பாவமாகப் பட்டால்தானே சொல்ல. போன ஞாயிறு கரையில் வெறும் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன், எழுந்து என்னிடம் வந்தான்.

"நாலு வெரலு கரெக்டா இருக்குதா அண்ணி? தீனி மட்டும் காணாம பூடுதே."

நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு வெரலு கூட்டிப் பாரு தம்பி" என்றேன்.