அசர் பாங்கும் அறுப்பு மெஷினும்

இப்போதும் காலையில் ஸ்கூட்டியின் செல்ஃப் பட்டனை அழுத்தும்போது உறுமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். வண்டி கிளம்பிய பிறகுதான் மூச்சு வரும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மோட்டாரை நான் நம்புவதே இல்லை. தை மாதத்தில் ஒருநாள், நன்னிலம் பக்கத்தில் எங்கள் வயலில் பட்ட பாடு அப்படி.

அது நான் தனியாகப் பார்த்த முதல் சாகுபடி. என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றவரிடம் மல்லுக்கட்டி ஒரே ஒரு போகம் கேட்டு வாங்கியிருந்தேன். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், சம்பா நன்றாக விளைந்து, பாதி சாய்ந்து கிடந்தது. அன்று இரவு மழை என்று ஃபோனில் செய்தி. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். சேற்றில் மெஷினும் இறங்காது. நெல் போனால் நிலமும் என் கையைவிட்டுப் போகும்.

நாலு நாள் காத்திருந்து, மதியத்துக்கு மேல் அறுப்பு மெஷின் வந்தது. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். வந்ததுமே ஒன்று சொன்னார்: செல்ஃப் வீக்காக இருக்கிறது, அதனால் வேலை முடியும்வரை இன்ஜினை நிறுத்த மாட்டேன். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

இரண்டு மா அறுத்திருப்பார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிவாசல். சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு ஒலித்தது. வீட்டில் பாங்கு கேட்டால் டிவியை நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துக்கொள்வது சிறு வயதிலிருந்து வந்த பழக்கம். யோசிக்கவே இல்லை, முக்காட்டை இழுத்த கையே மெஷினை நோக்கி நிறுத்தச் சொல்லி உயர்ந்துவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தார், பள்ளிவாசலைப் பார்த்தார், சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

பாங்கு முடிந்தது. சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. அவ்வளவுதான். வடகிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

மூடியைத் திறந்து காட்டினார். சின்னத் தூக்குவாளி அளவுக்கு ஒரு மோட்டார். பேட்டரி கரண்ட்டில் ஓடுவது. ஸ்கூட்டியில், கார் வைப்பரில், மருந்தடிக்கும் பேட்டரி டேங்கில், பிள்ளைகளின் பொம்மைக் காரில் இருப்பதெல்லாம் இதே ஜாதிதானாம். உள்ளே கரண்ட்டைக் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்துவிட்டன. திருவாரூர் போய் வாங்கி வருவதற்குள் இருட்டிவிடும். வீடு மாதிரி நிற்கும் மெஷின் விரல்நுனி அளவு கரித்துண்டுக்காக முரண்டு பிடிக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேலாவது காட்ட வேண்டுமே.

"எடுக்காதுன்னு தெரியும்ல? அப்புறம் ஏங்க நிறுத்துனீங்க?"

அவர் ஸ்பானரைத் தேடிக்கொண்டே, "நீங்க கை காட்டுனீங்களேக்கா. சாமி விஷயம், நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார்.

தப்பு முழுக்க என்னுடையது. அதையும் அந்த மனுஷன் குத்திக்காட்டவில்லை.

ஒரு வழி இருந்தது. அவர் கீழிருந்து மோட்டாரின் உடம்பில் தட்ட, அதே நேரத்தில் இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். கார்பன் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். வயலில் இருந்தது நான் மட்டும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். நியூட்ரலில்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். பயப்படாமல் எப்படி இருப்பது? சக்கரச் செயினுக்குப் பக்கத்தில் அவர் தலை தெரிந்தது. தட்டினார், திருப்பினேன், 'டிக்'. வீட்டுக்காரர் ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. எத்தனை தடவை திருப்பினேனோ, வியர்வையில் சாவி வழுக்கியது. அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். திடீரென்று மெஷின் உறுமியதும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பிறகு அவர் நிற்கவே இல்லை. ஒரு மூலை மட்டும் பாக்கி இருந்தபோது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு தொடங்கியது. இந்தத் தடவை கை எழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மெஷினை அப்படியே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் சத்தத்தை மட்டும் முடிந்த அளவு குறைத்துக்கொண்டு, பாங்கு முடியட்டும் என்று காத்திருந்தார். என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

கடைசி நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடும்போது தூறல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் ஃபோனில் எல்லாம் சொன்னேன்: செல்ஃப் மக்கர் செய்தது, நான் ஏறிச் சாவி திருப்பியது, எல்லாம். அந்தக் கடைசிப் பாங்கின்போது, அந்நிய மனுஷர் ஒருவர் மரியாதையாகக் காத்திருக்க, இது சீக்கிரம் முடிந்து தொலையாதா என்று நான் நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.