சோத்தாங்கைக்கு ஒரு துப்பாக்கி

என் வீட்டுக்காரர் வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறார் என்று சொன்னதும், மதுரையில் இருக்கும் என் தங்கை போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமாவா? கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல ஏறுற மாமாவா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வாங்கப்போவது இரண்டாவது துப்பாக்கி என்பதை அவளிடம் சொல்லவில்லை. முதல் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பாள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அவரை வேட்டைக்கு இழுத்துப்போனவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இந்த நாட்டுக்கு வந்து, கிளென் ஈடன் என்கிற பேட்டையில் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து பழக்கம். ஃபிஜியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன். பாட்டன் பூட்டன் நம் பக்கத்து ஆட்கள்தான் என்றாலும் அவருக்குத் தெரிந்த தமிழ் 'அக்கா', 'சாப்பாடு', அப்புறம் எழுத முடியாத ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வடக்கே அவருக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணை இருக்கிறது. அங்கே காட்டு ஆடுகள் நட்ட கன்றையெல்லாம் மேய்ந்துவிடும். யாராவது வந்து சுட்டுக்கொண்டு போனால் போதும் என்று பண்ணைக்காரர் கும்பிடாத குறை.

இந்த ஊரில் துப்பாக்கி லைசன்ஸ் கேட்டால் கட்டின பெண்டாட்டியைத் தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள். உங்கள் கணவர் துப்பாக்கி வைத்திருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா என்று வந்த அதிகாரி கேட்டார். "நான் தோசைக்கரண்டி வைத்திருப்பது அவருக்குப் பயமா என்று முதலில் கேளுங்கள்" என்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. வாயை அடக்கிக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

லைசன்ஸ் வந்தது, துப்பாக்கி வந்தது, அதைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டியும் வந்தது. ஆயுத பூஜைக்குக் காருக்கும் லேப்டாப்புக்கும் பக்கத்தில் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சுடுவது என்னவோ சுமார்தான். ஆனால் சனிக்கிழமை விடியும்போது பிளாஸ்க்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு கிளம்புகிற அந்த முகம் இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

பிறகு அந்த விபத்து. விரி என்கிற பேட்டையில் அவர் வேலை பார்க்கும் கிடங்கில் மழைத்தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. கூடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூடிவிட்டன. விரல் மடங்கும், கனம் தாங்கும். ஆனால் கை திரும்பாது. உள்ளங்கை மேலே பார்த்தபடியே நின்றுவிட்டது, பிரசாதம் வாங்க நீட்டின கை மாதிரி. திரும்பவும் அறுத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பல் தேய்ப்பது, கையெழுத்து, கம்ப்யூட்டர் எல்லாமே இடது கைக்கு மாறின. சோறு மட்டும் மாறவில்லை. உள்ளங்கை கீழே திரும்பாத கையால் சோற்றைப் பிசைய முடியாது. இடது கையால் சாப்பிடுங்கள் என்றேன். "நொட்டாங்கையால தின்னா உடம்புல ஒட்டுமா?" என்றார். அதனால் ஸ்பூன். அந்த ஸ்பூனைப் பிடிப்பது எந்தக் கை என்கிறீர்கள், அதே நொட்டாங்கைதான். ஸ்பூன் இருக்கலாமாம், சோறு படக்கூடாதாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். பகல் முழுக்க வயதானவர்களுக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிரே என் புருஷன் ரசத்தை ஸ்பூனால் கிண்டிக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் ரசமே வேண்டாம், ரெண்டு பிரெட் போதும் என்றார். சட்டை தொளதொளவென்று ஆயிற்று. கவலையை வெளியே காட்டிக்கொள்ளாமல் பிரெட்டை டோஸ்ட் போட்டுக் கொடுப்பேன்.

கை ஆறினதும் பக்கத்து வீட்டுக்காரர் விடாப்பிடியாக மறுபடி பண்ணைக்குக் கூட்டிப்போனார். எனக்குக் கடவுளே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் திரும்பி வந்தவர் கார் ஷெட்டிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன்.

"ஆட்டை அடிச்சது வயித்துல பட்டுடுச்சு" என்றார். "அடுத்த குண்டப் போட முடியல. கை வரல. அது என்னையவே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் நொண்டிக்கிட்டே புதருக்குள்ள போயிடுச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தைத் தொடர்ந்து தேடிப்போய், வெகுநேரம் கழித்து அதன் கஷ்டத்தை முடித்துவைத்தாராம். இவர் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். "போதும். ஒரு சீவனை அரைகுறையா விடுறதுக்கு நான் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்தத் துப்பாக்கியையும் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் படுத்தே கிடந்தார். கூரையைப் பார்த்தபடி கிடக்கிற மனிதருக்குப் பக்கத்தில் தூக்கம் எங்கே வரும்? கை போனதுகூடப் பரவாயில்லை, ஆளே போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன்.

கடைசியில் நான்தான் வாயை விட்டேன். "சீக்கிரமா குண்டு மாத்துற துப்பாக்கின்னு எதுவுமே இல்லையா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். காலையில் இட்லித் தட்டை நான் இறக்கும்போதே பாடம் ஆரம்பமாகும். வேட்டைத் துப்பாக்கியில் போல்ட் என்று ஒன்று உண்டு. நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளேதான். அதன் கைப்பிடிக் குமிழைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட குண்டின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுக் குண்டு உள்ளே போகும். பிறகு குமிழை மடக்க வேண்டும். தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. இதில் தூக்குவதற்கும் மடக்குவதற்கும் கை திரும்ப வேண்டும். இவர் கை அங்கேதான் மாட்டிக்கொண்டது. கொஞ்சமாகத் தூக்கினாலே போதும் என்கிற ரகம் இருக்கிறதாம். தூக்கவே வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும் என்கிற ரகமும் இருக்கிறதாம். "அதுதான் நமக்கு" என்றார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் 'நமக்கு' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. உடனே காரை எடுங்கள் என்றேன்.

துப்பாக்கிக் கடை ஏவன்டேல் பேட்டையைத் தாண்டி இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் நரைத்த கூந்தலை முடிந்துகொண்டு, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்ட ஒரு அம்மாள். லைசன்ஸைப் பார்த்துவிட்டு, வலது கைக்காரரா இடது கைக்காரரா என்று கேட்டாள். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் "ரைட்" என்றார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

நேராக இழுக்கிற துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இவர் வலது தோளில் வைத்து, மேலே பார்த்த அந்த உள்ளங்கையோடு குமிழைப் பிடிக்கப் போனார். விரல் நழுவியது. முழங்கையை வெளியே தள்ளி, உடம்பையே சாய்த்து இழுத்தார். வந்தது, ஆனால் துப்பாக்கியின் வாய் சுவருக்கும் கூரைக்கும் அலைந்தது. மறுபடி முயன்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அப்புறம் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இதுவும் வராது. வா, போகலாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

துப்பாக்கியை எடுத்து வைக்கத் திரும்பிய அந்த அம்மாளின் கை பட்டு, பழகுவதற்கு வைத்திருந்த வெற்றுக் குண்டு ஒன்று மேஜையில் உருண்டு விளிம்பைத் தாண்டியது. இவர் அதைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இடது கை போனது, பிடித்தது, எடுத்து மேஜைமேல் வைத்தது.

எனக்குச் சுரீர் என்றது.

"ஏங்க, ஷெட்டுத் தாழ்ப்பாள எந்தக் கையால திறக்குறீங்க?"

"இதுக்கும் அதுக்கும் என்ன?"

"சொல்லுங்க. கையில எதுவும் இல்லாதப்ப, கை முறியறதுக்கு முன்னாடியே, எந்தக் கை?"

எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கொசுவை அடிப்பது இடது கை. நான் படியில் தடுக்கினால் பிடிப்பது இடது கை. கல்யாணத்தில் குங்குமம் வைக்கச் சொன்னபோது கிண்ணத்துக்குள் முதலில் போனதும் அந்த நொட்டாங்கைதான். நாத்தனார் வெடுக்கென்று தட்டிவிட்டு வலது கையைப் பிடித்து முக்கினாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்ன வயதில் பந்தியில் அந்தக் கை இலைப்பக்கம் நீண்டால் பெரியப்பா முட்டியில் அடிப்பாராம். எழுத எடுத்தால் வாத்தியாரின் பிரம்பாம். அப்படி அடித்து அடித்து வலது கைக்காரர் ஆக்கப்பட்டவர். எந்தக் கைக்காரர் என்று யாராவது கேட்டால் எந்தக் கையால் சாப்பிடுவாய் என்று கேட்டதாகத்தான் அவருக்குக் காதில் விழும். நம்மில் யாருக்குத்தான் அப்படி விழாது? சோறு தின்கிற கை சோத்தாங்கை, மற்றது கணக்கிலேயே வராத கை. துப்பாக்கி சந்தனம் வைத்துக் கும்பிட்ட பொருள். அதில் நொட்டாங்கையை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சோத்தாங்கையக் கேக்கலங்க அவங்க" என்றேன். "நீங்க எந்தக் கைன்னு கேட்டாங்க."

பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, இவர் பிறவியில் லெஃப்ட், ஊரில் மாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி, அதற்கு நேராக விரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னாள். குறிபார்ப்பதில் இவருக்கு இடது கண்தான் ஆளுகிற கண்ணாம். இவ்வளவு நாள் சுமாராகச் சுட்டதற்கும் அதுதான் காரணமாம். உள்ளே போய் ஒரு பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். யாரோ ஒரு இடது கைக்காரர் விற்றுவிட்டுப் போனது. தாழ்ப்பாள் இடது பக்கம். நேராக இழுக்கிற புதுமை எதுவும் கிடையாது, சாதாரணமாகத் தூக்கி மடக்குகிறதுதான்.

இவர் தயங்கித் தயங்கி இடது தோளில் வைத்தார். துப்பாக்கியின் முன்பாகம் வலது உள்ளங்கையில் வந்து படுத்தது. மேலே பார்த்தே நின்றுபோன அந்தக் கை அதற்கென்றே செய்த மாதிரி தாங்கிக்கொண்டது. இடது கை குமிழைத் தொட்டது. தூக்கி இழுத்துத் தள்ளி மடக்கிய சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. துப்பாக்கியின் வாய் அசையவில்லை. மறுபடி செய்தார். மறுபடியும் செய்தார். கடைக்கார அம்மாள் ஒரு துணியை எடுத்துத் துடைத்த மேஜைக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன பேச்சு கேக்குதுடி" என்றார், ரொம்ப மெதுவாக. துப்பாக்கியைச் சொன்னாரா கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தள்ளுபடியில் கிடந்த பூட்ஸைப் புரட்டிப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் குறிபார்க்கும் இடத்துக்குப் போய்ப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரர் சரி என்று சொன்ன பிறகுதான் பண்ணைக்குக் கிளம்பினார். அன்று பகல் முழுக்க நான் வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தேன். துவைத்ததையே துவைத்தேன். சாயங்காலம் கார் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் இறங்கினார். முதல் குண்டு கொஞ்சம் கீழே பட்டதாம். ஆடு திரும்புவதற்குள் இரண்டாவது விழுந்து, நின்ற இடத்திலேயே முடிந்துவிட்டதாம். "அக்கா, so quick, it didn't even know" என்று அவர் தன் கையைத் தூக்கி இழுத்துத் தள்ளிக் காட்டினார். இவர் பின்னால் கறிப்பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். "கஷ்டப்படலை" என்றார் என்னைப் பார்த்து. அது மட்டும்தான் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் மிளகு தூக்கலாகக் கறிக்குழம்பு, ரசம், சுடச்சுடச் சோறு. பழக்கதோஷத்தில் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பூனையும் வைத்துவிட்டேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்த்தினார். எழுந்து போய் இடது கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சோற்றின்மேல் வைத்தார். வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முட்டியில் அடி விழுமா என்று பார்க்கிற பார்வை அது.

நான் சோற்றைக் குழித்து ரசத்தை ஊற்றினேன். விரல்களுக்குப் பழக்கமில்லை. பிசைந்தது பாதி சிந்தியது. முதல் கவளம் மீசையில் பட்டு வாய்க்குப் போனது, அடுத்தது நேராகப் போனது. ரசம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஓடியது.

"ஏங்க, சோத்தாங்கைல ரசம் ஒழுகுது பாருங்க" என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கி நக்கிக்கொண்டார்.