படிவத்தில் விட்டுப்போன பிள்ளை

விண்ணப்பம் போட்டாயிற்று என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது மில்டூராவில் பிழைக்க வந்த எங்கள் டோங்காத் தீவு ஜனங்களின் பேச்சு. பாதிக் கிணறு தாண்டுகிறவன் எங்கே விழுவான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

லூபே போட்டது போன மார்ச்சில். திராட்சைத் தோட்டத்தில் முதுகு ஒடிந்து, பிறகு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஆறு வருஷம் கழித்து அந்த இல்லமே அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது. அவள், புருஷன் விலியாமி, இரண்டு பையன்கள், நாலு பேருக்கும் இங்கேயே நிரந்தரமாக இருக்க உரிமை கேட்டு. அன்றைக்கே ஓர் எண்ணோடு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்பது மாதம் ஒன்றுமில்லை. தினமும் காலையில் பல் விளக்குமுன் போனைத் திறந்து பார்ப்பாள். 'பெறப்பட்டது' என்று இருக்கும். சர்ச்சில் ஆளுக்கொரு யோசனை. வீடு மாறாதே, முதலாளியோடு மல்லுக்கு நிற்காதே, போன் போட்டு நச்சரிக்காதே, உன் கோப்பு கட்டுக்கு அடியில் போய்விடும். ஏற்கெனவே கிடைத்தவர்கள் வாயில் யோசனைக்கு என்ன பஞ்சம்!

பத்தாம் மாதம் வந்த கடிதத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. பழம் பறிக்க வந்தபோது நீங்கள் கொடுத்த தாளில் மூன்று பிள்ளைகள். இப்போது இரண்டு. ஒன்று எங்கே? பதில் சொல்ல இருபத்தெட்டு நாள்.

அந்த ஒன்று ஹெய்லாலா. அவள் பிறந்த எட்டாம் நாள் விலியாமியின் அக்கா லேசியேலி, பிள்ளையில்லாதவள், சபைக்குப் போகிற மரியாதைக்குக் கட்டும் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இவ எனக்கு" என்றாள். அவ்வளவுதான். எங்களில் அக்கா கேட்டால் தம்பி மறுப்பதில்லை, தம்பி பெண்டாட்டிக்கு வாயே கிடையாது. கொடுத்த பிள்ளையைத் தன் கணக்கில் சேர்ப்பது நாத்தனார் முகத்தில் காறித் துப்புகிற மாதிரி. அதனால் 'உங்கள் பிள்ளைகள்' என்ற கட்டத்தில் லூபே சுத்தமான மனசோடு இரண்டு பெயர் எழுதினாள். பழைய தாளை நிரப்பியவன் ஊரில் ஒரு குமாஸ்தா, பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதிவிட்டான். அவனுக்கென்ன, அவனுடைய நாத்தனாரா?

லூபே நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். உண்மைக்குக் கூலியாக அடுத்த கடிதம் வந்தது. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கும் மருத்துவச் சோதனை வேண்டும், அவள் இங்கே வராவிட்டாலும். லேசியேலி கூட்டிப்போனாள். பதினொரு வயசுக்காரியின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. எப்போதோ வந்த மூட்டுக் காய்ச்சலின் வேலை. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஊரில் அதற்கு வசதி இல்லை.

விசா வேலை பார்க்கும் ப்ரெண்டா நல்லவள்தான். மேஜையில் இருந்த பிஸ்கட் தட்டை லூபே பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா நாலு பேருக்கும் கிடைக்காது லூபே. ஒரு வழி இருக்கு. அந்தப் பொண்ணு என் பொறுப்பில இல்ல, என்னைக்கும் அவளை இங்க கூப்பிட்டுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும்."

"அப்புறம் மனசு மாறினா?"

"மாறக்கூடாது. அதுக்குத்தான் சத்தியம்."

அன்று சாயங்காலமே லேசியேலி போன் செய்தாள். ஆயுசில் யாரிடமும் கெஞ்சி அறியாதவள் அவள். வந்து உட்கார்ந்தாலே பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வைத்தவள்.

"லூபே, அங்க இதெல்லாம் நாலு நாள் வேலையாம். டாக்டரே சொன்னாரு. நீதான் அவளுக்கு அம்மான்னு பேப்பர்ல எழுதிட்டியே, அப்புறம் என்னடி? கூட்டிட்டுப் போ. இனிமே அவ உன் பிள்ளை. நான் கேக்கவே மாட்டேன்."

"பாக்கலாம் அண்ணி."

"கேட்டு வாங்கினவ திருப்பித் தரேன்னு சொல்றேன். இதுக்கு மேல நான் என்ன பண்ணணும், சொல்லு."

"பாக்கலாம் அண்ணி."

விலியாமி தோட்டத்துக் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "பசங்களைப் பாரு. பெரியவனுக்கு ஊர்ப் பாஷையே மறந்துபோச்சு. கையெழுத்தைப் போட்டுடு" என்றான்.

"உங்கக்காகிட்ட நீ சொல்றியா?"

"அக்கா முன்னாடி நான் எப்படிப் பேசுறது? நீதான் சொல்லணும்."

ஊரில் மூட்டை மூட்டையாக மரவள்ளிக்கிழங்கு தூக்கிய ஆள், இதைத் தூக்க அவனால் ஆகவில்லை.

லூபே கையெழுத்துப் போட்டாள். தெளிவாக, பேர் முழுவதையும் எழுதினாள். லேசியேலியிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

மூன்று வாரத்தில் உரிமை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து முழுப் பன்றி சுட்டார்கள். போதகர் பெயர் சொல்லி வாழ்த்தினார், எல்லோரும் கை தட்டினார்கள், பையன்கள் இந்த நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது.

"அத்தை, நான் ஹெய்லாலா. உங்களுக்குக் கிடைச்சிடுச்சாமே! அம்மா சர்ச்ல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

"ஆமாம்மா."

"பெட்டி கட்டி வச்சிட்டேன். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, அதான் இப்பவே கட்டிட்டேன். அங்க ரொம்பக் குளிருமாமே, என்ன எடுத்துட்டு வரட்டும்?"

மேஜையிலிருந்து யாரோ லூபேயைக் கூப்பிட்டார்கள்.

"குளிரும்தான்" என்றாள் லூபே. "கம்பளிச் சட்டை எடுத்துக்கோ."

போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மேஜைக்குப் போனாள். விருந்துக்காரிக்கென்று எடுத்துவைத்திருந்த பன்றித் தோல் துண்டைத் தட்டில் வைத்தார்கள். சாப்பிட்டாள். நன்றாக முறுகியிருந்தது.