மச்சினனோடு மாட்டிய கொக்கி

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் பெயிண்டர். சிமெண்ட்டைக் கொட்டிவைக்கும் பெரிய தொட்டிகளுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிக்கும் வேலை. ஒவ்வொன்றும் கோபுர உயரம். கூட வேலை செய்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. தா.பழூரில் வயல் வேலை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை நான்தான் கூட்டிவந்து சாரத்தில் ஏற்றியிருந்தேன். அவன் விழுந்தால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

ஒரு நாள் ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள். அகலமான இடுப்புப் பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்று முனையில் இரும்புக் கொக்கி.

"தலைக்கு மேல, அசையாத எடமா பாத்து மாட்டணும்" என்றார் ஃபோர்மேன்.

மேலே போய்ப் பார்த்தால் எங்கள் தலைக்கு மேல் வானம்தான் இருந்தது. ரொம்ப யோசித்து, என் கொக்கியை அவன் பெல்ட்டிலும் அவன் கொக்கியை என் பெல்ட்டிலும் மாட்டிக்கொண்டோம். கல்யாணத்தில் அவன் அக்காவோடுகூட என்னை அவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போடவில்லை.

ஃபோர்மேன் கீழேயிருந்து பார்த்துவிட்டார்.

"டேய், என்னடா பண்ணிவச்சிருக்கீங்க?"

"ஒருத்தருக்கொருத்தர் தொணைங்க சார்!"

"ரெண்டு பொணமா சேந்து வுழறதுக்காடா தொணை?"

தொப்பையோடு மூச்சிரைக்க ஏணியில் ஏறிவந்தார். வந்து சேர்வதற்குள் எங்கள் இருவர் வம்சத்தையும் ஒரு தலைமுறை விடாமல் திட்டி முடித்திருந்தார். தொட்டியின் உச்சியில் ஓர் இரும்பு உத்தரம் இருந்தது. அதுவரை ஏறச் சோம்பல்பட்டு நாங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் அதில் ஆளுக்கொன்றாக இரண்டு கம்பிக்கயிறு கட்டி, எங்கள் தலைக்கு மேல் வளையம் வைத்து, முழு உடம்பையும் போட்டு இழுத்துப் பார்த்தார். பெல்ட்டின் தையலை விரலால் தடவினார்.

"இறுக்கிப் போடுடா. கயிறு தொளதொளன்னு கெடக்கக் கூடாது. எவ்ளோ தொங்குதோ அவ்ளோ தூரம் வுழுவ."

நான்காம் நாள் காலை, சாரப் பலகையில் சிந்தியிருந்த பெயிண்ட்டில் என் கால் வழுக்கியது. அந்த நேரத்தில் குலதெய்வம் நினைவுக்கு வரும் என்பார்கள். எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது. மச்சினனின் அக்காவையும் சேர்த்துத் திட்டினேன். அவள் என் மனைவி என்பது அப்புறம்தான் உறைத்தது. பெல்ட் நறுக்கென்று வயிற்றைப் பிடித்தது. சாப்பிட்டிருந்த பழைய சோறு அப்படியே வெளியேறி, கீழே நின்ற ஃபோர்மேனின் ஹெல்மெட்டில் போய் இறங்கியது.

"மாமா, போயிட்டீங்களா?" என்று மேலிருந்து அலறினான் மச்சினன்.

"இருக்கேன்டா, இழுடா!"

பலகைக்கு ஒரு முழம் கீழேதான் தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பாதாளமாகத் தெரிந்தது. பக்கத்துச் சாரத்தில் இருந்த இன்னொருவர் ஓடிவந்து கைகொடுக்க, இருவருமாகத் தூக்கினார்கள். தரைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மச்சினன் தண்ணீர்க் குவளையை என் வாயருகே நீட்டி, பாதியை என் சட்டையிலேயே ஊற்றினான்.

ஃபோர்மேன் தலையைக் கழுவிவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். வாங்கிக் கத்தியால் துண்டுதுண்டாக அறுத்தார்.

"சார், கன்னுக்குட்டி கட்டவாவது ஆகுமே!"

"ஒரு தடவ ஆளத் தாங்குன பெல்ட்ட நம்பக் கூடாதுடா. முழுசா குடுத்தா நாளைக்கு நீயே இதக் கட்டிக்கிட்டு வருவ."

வந்திருப்பேன்.

மறுநாள் ஸ்டோரில் கொடுத்த பெல்ட்டின் கொக்கி சரியாக மூடவில்லை. திருப்பிக் கொடுத்தேன். "பெரிய கலெக்டரு!" என்றார் ஸ்டோர்க்காரர். இரண்டு நாள் கீழே உட்கார்ந்து ஆலை கேட்டின் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். மூன்றாம் நாள் புதுசு வந்தது. தையல், கொக்கி எல்லாம் பார்த்துக் கட்டிக்கொண்டேன். ஏணியின் முதல் படியிலேயே நின்று, கொக்கியை இன்னொரு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். ஏறிவிட்டேன்.