குளிர்த்தி முடியும்வரை

"பின்னுக்குப் போங்க புள்ளயள், இன்னும் பின்னுக்கு!" என்று விரட்டிக்கொண்டே வினாயகமூர்த்தி மாஸ்டர் தரையில் வெண்கட்டியால் கோடு கீறுகிறார். மேசையில் தண்ணீர்க் கிண்ணம். பக்கத்தில் வாவிக்கரை மணல் நிரம்பிய வாளி. கொழும்பிலிருந்து புது ரயிலில் வந்த போத்தலுக்குள், மண்ணெண்ணெயில் ஊறிக் கிடக்கிறது சோடியம். அதில் பயறளவு நறுக்கி எடுப்பார். பக்கத்து அறையில் இலக்கணம் படிப்பிக்கும் நான் அந்த நேரத்தில் வகுப்பு நடத்துவதில்லை. என் மாணவரெல்லாம் அவர் யன்னலில் தொங்கும்போது யாருக்கு வேற்றுமை உருபு சொல்வது? நானும் போய்விடுவேன்.

மெலிந்த மனிதர். சட்டை முழுக்க அமிலம் தின்ற ஓட்டைகள். இடப்புருவம் பாதிதான். போன வருடம், நெருப்பு அணைந்துவிட்டதென்று கிண்ணத்தின் மேல் குனிந்தார். மிச்சமிருந்த துணுக்கு வெடித்துப் புருவத்தைக் கொண்டுபோயிற்று. "கண்ண விட்டிற்றுத்தானே போனது" என்று சிரிப்பார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவருடைய 'குளிர்த்தி'. மதுரையை எரித்த கண்ணகையின் சினம் ஆறட்டுமென்று வைகாசியில் எங்கள் கோயில்களில் குளிர்த்தி பாடுவார்கள். அது முடியாமல் ஒருவரும் எழும்பமாட்டார்கள். இவர் வகுப்பிலும் அப்படித்தான். நெருப்பு அணைந்தாலும், போத்தலை மூடி, கத்தியைத் துடைத்து, அவர் தலையாட்டும்வரை கோட்டைத் தாண்டக்கூடாது. கோயில் பக்கம் வராத காத்தான்குடி ஆதம்பாவாகூட, "சேர், குளிர்த்தி முடிஞ்சிற்றா?" என்றுதான் கேட்பான்.

போன கிழமை தலைமையாசிரியர் அருமைநாயகம் கையில் ஆமைப்பூட்டோடு வந்து நின்றார். "படிப்பிக்கச் சொன்னா, வேலியில போற ஓணான எடுத்து மடியில விடுறீர். இண்டைக்கு ஒரு புள்ளைக்குக் கீறல் பட்டாலும் இந்தப் போத்தல் அலுமாரிக்குள்ள போகும். பிறகு வெளிய வராது."

எரிவதைப் பார்க்காத பிள்ளைக்கு இரசாயனம் வெறும் மனப்பாடம் என்பது மாஸ்டரின் கட்சி. முகம் வாடினாலும் கத்தியை எடுத்துப் பயறளவு நறுக்கினார்.

துணுக்கு தண்ணீரில் விழுந்தது. சீறி ஓடியது, மஞ்சளாகப் பற்றியது, அணைந்தது. பிள்ளைகள் அசையவில்லை. அசைந்தவர் தலைமையாசிரியர்தான். "அவ்வளவுதானே?" என்று கோட்டை மிதித்துக்கொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்க்கப் போனார்.

மாஸ்டர் குறுக்கே கை நீட்டி மறித்தார். "பொறுங்க சேர். குளிர்த்தி முடியல்ல."

படாரென்று வெடித்தது. தண்ணீர் மேசையெல்லாம் தெறித்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

தலைமையாசிரியர் பின்னுக்கு வந்து பிள்ளைகளோடு நின்றார். மாஸ்டர் தலையாட்டும்வரை நின்றார். பிறகு தரையைப் பார்த்தார். அவருடைய சப்பாத்து பட்ட இடத்தில் கோடு அழிந்திருந்தது.

"அந்த வெண்கட்டியத் தாரும்" என்று வாங்கி, பூட்டைப் பிள்ளைகள் இருக்கும் வாங்கில் வைத்துவிட்டு, குனிந்து கோட்டைத் திரும்பக் கீறினார்.